ஒரு விரற்கடை அழுத்தம்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்ராறியோவிலும் 1890-க்கும் 1930-க்கும் இடையில் கட்டிய வீடுகள் இன்னும் ஏராளமாக நிற்கின்றன. அப்படிப்பட்ட பழைய வீடு ஒன்றின் நிலவறைக்குள் இறங்கினால், முதலில் கண்ணில் படுவது குழாய்களின் பருமன். ஒரு மூலையில் வார்ப்பிரும்புப் பாய்லர். அதன் தலையிலிருந்து கிளம்பி, உத்தரத்தை ஒட்டி நாலா பக்கமும் போகும் இரும்புக் குழாய்கள், இரண்டு அங்குலத்திலும் மூன்று அங்குலத்திலும். ஒரு குடும்பம் குளிர் காய இத்தனை பெரிய குழாயா என்று தோன்றும். குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் வேண்டிய தண்ணீர் முழுக்க முக்கால் அங்குலக் குழாயில் வந்துவிடுகிறதே?

அந்த வீட்டில் தண்ணீரைச் சுற்றவைக்கப் பம்பு கிடையாது. பலவற்றுக்கு அப்போது மின்சாரமே வந்திருக்கவில்லை. நிலவறையில் சூடான தண்ணீர் மேலே போகிறது. அறைகளில் இருக்கும் ரேடியேட்டர்களில் சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறுகிறது. பிறகு கீழே வந்து மறுபடி சூடாகிறது. இலையுதிர்காலத்தில் மூட்டிய நெருப்பு வசந்தம் வரை அணையாமல் இருக்கும். அதுவரை இந்தச் சுற்றும் நிற்காது. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் கிராமத்து வீடுகளில் இந்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், மின்சாரமே கேட்காத ஏற்பாட்டுக்கு மவுசு குறையாது.

இந்தச் சொகுசு மனிதர்களைவிடச் செடிகளுக்கும் கோழிக்குஞ்சுகளுக்கும் முன்னதாகவே கிடைத்துவிட்டது. 1716-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் மார்டென் ட்ரீவால்ட் என்ற ஸ்வீடன்காரர் ஒரு செடி வளர்ப்புக் கூடத்தை வெந்நீர்க் குழாயால் சூடாக்கினார். 1777-இல் பிரான்சில் போன்மேன் என்பவர் முட்டை பொரிக்கும் பெட்டிகளை இதே முறையில் சூடாக்கினார்; நெருப்பைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி ஒன்றையும் அதனுடன் சேர்த்தார். 1850-களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபிரான்ஸ் சான் கல்லி ரேடியேட்டர் செய்யத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக் கூடங்களுக்கு ஏற்ற வடிவம் அமைந்தது.

சூடான தண்ணீர் மேலே ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது பாதி உண்மை. பழுது பார்க்க வருகிறவரைத் தப்பான இடத்துக்கு அனுப்பிவைப்பதும் அந்தப் பாதிதான். தண்ணீருக்குத் தானாக ஏறும் குணம் எதுவும் இல்லை. ஆறிய தண்ணீர் கனமாக இருக்கிறது, அதனால் இறங்குகிறது, இறங்கும்போது இலேசான தண்ணீரை மேலே தள்ளிவிடுகிறது. தராசு மாதிரி. ஒரு தட்டில் பாய்லரிலிருந்து மேலே போகும் குழாயில் நிற்கும் வெந்நீர். மறு தட்டில் ரேடியேட்டரிலிருந்து கீழே வரும் குழாயில் நிற்கும் ஆறிய நீர். இரண்டின் எடையிலும் உள்ள வித்தியாசம்தான் முழு இயந்திரமும்.

அந்த வித்தியாசம் எவ்வளவு? 80 டிகிரியில் ஒரு கனமீட்டர் தண்ணீரின் எடை 971.8 கிலோ. 60 டிகிரியில் 983.2 கிலோ. ஒரு டன் தண்ணீருக்குப் பதினோரு கிலோதான் அதிகம். இதை அழுத்தமாக மாற்றினால், ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 11.4 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் அழுத்தம் கிடைக்கும். உயரம் என்பது பாய்லரின் நடுமட்டத்திலிருந்து ரேடியேட்டரின் நடுமட்டம் வரை. தரைத்தளத்து ரேடியேட்டர் பாய்லருக்கு 2 மீட்டர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அதற்குக் கிடைப்பது 23 மில்லிமீட்டர், ஒரு விரற்கடையைவிடக் கொஞ்சம் கூடுதல். மாடியில் 5 மீட்டர் உயரத்தில் இருப்பதற்கு 57 மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்று விரற்கடை. இன்றைய வீடுகளில் பொருத்தும் சிறிய பம்பு 4 மீட்டர், 6 மீட்டர் என்று தள்ளுகிறது. பம்பில்லாத வீட்டுக்குக் கிடைப்பது அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான்.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். 10 கிலோவாட் வெப்பம் வேண்டிய வீட்டில், தண்ணீர் 20 டிகிரி ஆறித் திரும்புகிறது என்றால், நிமிடத்துக்கு 7 லிட்டர் ஓடினால் போதும். இரண்டு அங்குலக் குழாயில் அது நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகம்தான். 20 மீட்டர் நீளக் குழாயைக் கடக்க அந்த வேகத்துக்கு ஆகும் செலவு சுமார் 2 மில்லிமீட்டர் தண்ணீர் அழுத்தம். கையில் இருப்பதோ 23, எனவே கவலையில்லை. அதே 7 லிட்டரை ஓர் அங்குலக் குழாயில் விட்டால் செலவு 5 சென்டிமீட்டரை நெருங்குகிறது. வருமானம் இரண்டேகால் சென்டிமீட்டர், செலவு ஐந்து. குறுக்களவு பாதியாகும்போது தடை ஏறக்குறைய முப்பது மடங்காகிறது. குழாய் ஏன் அத்தனை பருமன் என்பதற்கு இதுதான் விடை. குழாய் பொருத்திய அந்தக் காலத்துப் பிட்டர்கள் இரும்பை வீணாக்கவில்லை.

இன்னொன்றும் இதிலிருந்தே வருகிறது. படுக்கையாகப் போகும் குழாய் எவ்வளவு சூடாக இருந்தாலும் சுழற்சிக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. 10 மீட்டர் கிடைக்குழாய் கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் அது தரும் தள்ளுவிசை பூஜ்யம். எடை பேசுவது செங்குத்தில்தான். பாய்லரைப் பற்றவைத்ததும் சூடு முதலில் கிடைக்குழாயில் போய் மாட்டிக்கொண்டால், சுழற்சி தொடங்கவே வெகுநேரம் ஆகும். ரஷ்யக் கிராமங்களில் அடுப்புப் பாய்லரிலிருந்து ஒரு குழாயை வளைக்காமல் நேரே மேலே, பரண் வரை கொண்டுபோய்விட்டு, அங்கிருந்து வாட்டமாக இறக்கி ரேடியேட்டர்களுக்குக் கொடுப்பார்கள். சூடான தண்ணீர் முதல் வேலையாக நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். பாய்லரை வைப்பதற்கென்று தரையில் குழி வெட்டுவதும் இதற்காகத்தான். குழி அரை மீட்டர் ஆழமானால், ஆறு மில்லிமீட்டர் அழுத்தம் இனாம்.

சரி, இப்படிப்பட்ட வீட்டில் ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது. வெளியே மைனஸ் 15. பாய்லர் தகதகவென்று எரிகிறது. எங்கே தொடங்குவது?

பெரும்பாலோர் பாய்லரிடம் போகிறார்கள். நெருப்பைக் கூட்டுகிறார்கள். நான் திரும்பிவரும் குழாயில் தொடங்கச் சொல்வேன். சுழற்சி உயிரோடு இருக்கிறதா என்பதை அந்தக் குழாய் ஒளிக்காமல் சொல்லும். பாய்லர் மேல்குழாயில் ஒரு கை, பாய்லருக்குள் நுழையும் கீழ்க்குழாயில் ஒரு கை. (80 டிகிரிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது, தொட்டுவிட்டு எடுக்க வேண்டியதுதான். வசதி இருந்தால் குழாயில் மாட்டும் வெப்பமானி.) மேலே கொதித்து, கீழே வெதுவெதுப்பாக இருந்தால் சுழற்சி நடக்கிறது, கோளாறு ஏதோ ஓர் அறையில். மேலே கொதித்து, கீழே நிலவறைச் சுவரைப் போல் குளிர்ந்திருந்தால் சுற்று எங்கேயோ அறுந்திருக்கிறது. மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே சூடாக இருந்தாலோ, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே ஏதோ குறுக்குவழியில் திரும்புகிறது. அல்லது ரேடியேட்டர்கள் சூட்டை வெளியே விடவில்லை.

கடைசியாகச் சொன்னதைப் பலர் யோசிப்பதில்லை. அழகுக்காக ரேடியேட்டரைச் சுற்றி மரப்பெட்டி அடித்து, மேலே கனத்த திரையும் தொங்கவிட்டால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆறாது. ஆறாவிட்டால் கனமாகாது. கனமாகாவிட்டால் இறங்காது. பம்பு வைத்த வீட்டில் மரப்பெட்டி அந்த ஓர் அறையின் சூட்டைத்தான் குறைக்கும்; இங்கே அது மோட்டாரையே பாதி அணைத்துவிடுகிறது. ஏனென்றால் இந்த ஏற்பாட்டில் பாய்லர் எந்த அளவுக்கு மோட்டாரோ, அதே அளவுக்கு ரேடியேட்டரும் மோட்டார். இதே காரணத்தால் இதற்குத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் குணமும் உண்டு. ஏதோ தடையால் ஓட்டம் மெதுவாகிவிட்டது என்று வையுங்கள். தண்ணீர் ரேடியேட்டரில் அதிக நேரம் நிற்கும், அதிகம் ஆறும், எடை வித்தியாசம் கூடும், தள்ளும் விசையும் கூடும். சின்னச் சின்னக் கோளாறுகளை அது நமக்குத் தெரியாமலேயே சமாளித்துக்கொண்டு வருகிறது. நமக்குத் தெரியவரும்போது விஷயம் கொஞ்சம் முற்றியிருக்கும்.

சுற்று அறுந்திருக்கிறது என்றால் நேரே பரணுக்கு ஏற வேண்டும். அங்கே ஒரு தொட்டி இருக்கும். 10 டிகிரித் தண்ணீர் 80 டிகிரியாகும்போது நூற்றுக்கு மூன்று பங்கு பெருக்கிறது. 300 லிட்டர் பிடிக்கும் குழாய்த் தொகுப்பில் எட்டரை லிட்டருக்கு மேல் இடம் தேவை. அதற்கான தொட்டி அது. காற்றுக்குத் திறந்தபடி இருக்கும். தொட்டி சிறியதாக இருந்தால் நன்றாக நெருப்பு எரியும் நாளில் தண்ணீர் வழிந்து வெளியே போகும். ஆறியதும் மட்டம் தொட்டியின் அடியைத் தாண்டிக் கீழே இறங்கும். அங்கே காற்று புகும். அல்லது மிதவை வால்வு துருப்பிடித்து இறுகியிருக்கும். ஆவியாகிப் போன தண்ணீர் நிரம்பாமலே இருக்கும். எப்படியானாலும், சுற்றின் உச்சியில் தண்ணீர் தொடர்ச்சி விட்டுப்போனால் அத்தோடு முடிந்தது. வெந்நீர்த் தூண் உச்சி வரை வந்து நின்றுவிடும்; மறுபக்கம் இறங்க வழியில்லை. பாய்லருக்குள் தண்ணீர் கொதித்துக் குடுகுடுவென்று சத்தம் போடும். அடுத்த அறையில் ரேடியேட்டர் பச்சைத் தண்ணீராக இருக்கும். வீட்டுக்காரர் பாய்லர் பழுது என்று முடிவு கட்டுவார். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்துபோகும் சங்கதி இது. (கொதிக்கும் பாய்லரில் ஊற்றக் கூடாது, நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, பிறகு.)

தொட்டிக்குப் போகும் குழாய் உறைந்துபோவது வேறு வகை, விளையாட்டில்லாத வகை. பரண் குளிரும். அங்கே குழாயில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால் திறந்த ஏற்பாடு மூடிய ஏற்பாடாகிவிடுகிறது. பெருக்கும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. முந்தைய நூற்றாண்டுகளில் கடுங்குளிர்க் காலங்களில் வீட்டுப் பாய்லர்கள் வெடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். உறைந்திருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் பாய்லரைப் பற்றவைக்கவே கூடாது.

அடுத்தது காற்று. நம் ஊர்க் குழாய் மெக்கானிக் சொல்வதுபோல் 'ஏர் பிடித்துக்கொண்டது'. புதுத் தண்ணீரில் காற்று கரைந்திருக்கிறது. சூடாகும்போது அது பிரிந்து வந்து, குழாயில் எது மேடோ அங்கே போய்ச் சேர்கிறது. அதனால்தான் இந்தக் குழாய்களை வாட்டத்தோடு போடுவார்கள்; மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் போல. தண்ணீர் வடிவதற்கு மட்டுமல்ல அந்த வாட்டம். காற்று மேலே போவதற்கும்தான். ஓட்டம் மெதுவாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு: குமிழி தண்ணீரோடு இழுபடாமல், ஓட்டத்துக்கு எதிராகக்கூட நகர்ந்து மேட்டுக்குப் போய்விடும். மேடு தொட்டியாகவோ ரேடியேட்டரின் காற்றுத் திருகாகவோ இருந்தால் வெளியேறிவிடும். ஆனால் நூறு வருடத்தில் வீடு இறங்குகிறது, உத்தரம் தொய்கிறது, குழாயைத் தாங்கும் கொக்கி ஒன்று கழன்றுவிடுகிறது. ஓர் இடம் தாழ்ந்தால் அதற்குப் பக்கத்து இடம் மேடாகிறது. இரண்டு அங்குலக் குழாயின் நடுவில் மூன்று சென்டிமீட்டர் மேட்டில் காற்று உட்கார்ந்துகொண்டால், தண்ணீருக்கு மிஞ்சுவது அடியில் ஒரு கீற்றுப் பாதை. காற்றுப்பொதி முழுவதும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் அந்த மேட்டை ஏறிக் கடக்க வேண்டியதாகிவிட்டால், தரைத்தளத்துக்குக் கிடைக்கும் இருபத்துமூன்று மில்லிமீட்டரால் அது ஆகாது. பம்பு இருந்தால் காற்றை அடித்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். இங்கே ஒரு விரற்கடைக்கு அந்த வலு இல்லை. ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு குழாயோடு குழாயாக நடந்து, வாட்டம் எங்கே புரண்டிருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இந்தக் கோளாறின் மிகப் பெரிய உதாரணம் ஒரு வீட்டில் நடக்கவில்லை. 1979 மார்ச் 28 விடியற்காலை, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்டு அணு உலையில் குளிர்விக்கும் தண்ணீர் கசிந்து, குழாய்களில் நீராவி சேர்ந்தது. பம்புகள் அதிர்ந்தன. இயக்குபவர்கள் 5.41 மணிக்குக் கடைசிப் பம்புகளையும் நிறுத்தினார்கள். பம்பு இல்லாவிட்டால் என்ன, கீழே உலை சூடு, மேலே நீராவி உற்பத்திக் கலன் குளிர்ச்சி, தண்ணீர் தானாகச் சுற்றும் என்று எண்ணினார்கள். இயற்பியல்படி சரியான எண்ணம்தான். ஆனால் உலையிலிருந்து வரும் பெரிய குழாய் கைத்தடியின் பிடியைப் போல உச்சியில் வளைந்து இறங்கும். அந்த வளைவில் நீராவியும், பிறகு ஹைட்ரஜனும் போய் அடைத்துக்கொண்டன. சுழற்சி தொடங்கவே இல்லை. அடுத்த சில மணி நேரத்தில் உலையின் உள்ளகத்தில் பாதியளவு உருகியது. அன்று மாலை ஒரு பம்பை மறுபடி ஓட்டிய பிறகுதான் நிலைமை கைக்குள் வந்தது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 27-இல், வாயு எல்லாம் வெளியேறியபின், அதே உலையைப் பம்பே இல்லாமல் இயற்கைச் சுழற்சியாலேயே குளிர்விக்க முடிந்தது. நிலவறைக் குழாயில் ஏர் பிடிப்பதும் அங்கே நடந்ததும் ஒரே கணக்கு.

வீட்டுக்குத் திரும்புவோம். ஒற்றை ரேடியேட்டர் மட்டும் சரியில்லை என்றால் அதை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். மேலே குளிர்ச்சி, கீழே சூடு என்றால் உள்ளே காற்று. மேலே சூடு, கீழே நடுவில் குளிர்ச்சி என்றால் அடியில் கசடு. மொத்தமும் குளிர்ச்சி என்றால் வால்வையோ குழாயையோ பார்க்க வேண்டும்.

காற்று என்றால் திருகைத் திறக்கும் சிறிய சாவி வேண்டும். ஒரு பழந்துணியைக் கீழே பிடித்துக்கொண்டு கால் சுற்றுத் திருப்பினால் 'புஸ்ஸ்' என்று சீறும். பிறகு சீறலுக்கு நடுவே தண்ணீர் துப்பும். துப்பல் நின்று கம்பியாகத் தண்ணீர் வரும்போது மூடிவிட வேண்டும். அந்தத் தண்ணீரைத் தரையில் விடாமல் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது. தெளிவாக இருந்தால் சரி. செந்துருவின் பழுப்பு நிறமென்றால் புதுத் தண்ணீர் அடிக்கடி உள்ளே வருகிறது, எங்கேயோ கசிகிறது. மையைப் போலக் கறுப்பாக வந்தால், கிண்ணத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்து நகர்த்துங்கள்; கறுப்புத் துகள் அதன் பின்னாலேயே வரும். அது மேக்னடைட், காற்றில்லாத இடத்தில் இரும்பு மெல்ல அரிபட்டு உண்டாகும் ஆக்சைடு. நாளடைவில் ரேடியேட்டரின் அடியில் வண்டலாகப் படிந்து தண்ணீரின் வழியை அடைப்பது அதுதான்.

அந்த அரிமானம் இன்னொன்றையும் தருகிறது: ஹைட்ரஜன். காற்றை எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே ரேடியேட்டரில் மறுபடியும் காற்று என்றால், வெளியிலிருந்து எதுவும் புகாமலே உள்ளே வாயு உண்டாகிறது என்று சந்தேகப்படலாம். பழைய மெக்கானிக்குகள் திருகின் அருகே தீக்குச்சியை நீட்டி, நீலச்சுடர் வருகிறதா என்று பார்ப்பார்கள். நாம் அதைச் செய்து பார்க்க வேண்டாம். மாறாக, திருகைத் திறக்கும்போது பக்கத்தில் மெழுகுவத்தியோ சிகரெட்டோ இல்லாமல் பார்த்துக்கொள்வதே புத்தி. வண்டலுக்கு மருந்து, குழாய்களை முழுக்க வடித்துக் கழுவி, அரிமானத் தடுப்பு மருந்து கலந்த தண்ணீரை நிரப்புவது. அதற்குப் பிறகு தேவையில்லாமல் வடிக்கவோ நிரப்பவோ கூடாது. பழைய தண்ணீரில் இருந்த ஆக்சிஜனை இரும்பு எப்போதோ தின்று தீர்த்திருக்கும். புதுத் தண்ணீர் அதற்கு மறுபடி தீனி போடுகிறது.

பழுது பார்த்தவர்களே உண்டாக்கும் பழுது தனி இனம். துருப்பிடித்த இரண்டு அங்குல இரும்புக் குழாயை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டியெடுத்துவிட்டு, கைக்குக் கிடைத்த முக்கால் அங்குலச் செப்புக் குழாயைப் போட்டிருப்பார்கள். கேட் வால்வு இருந்த இடத்தில் குளோப் வால்வு இருக்கும். முதலாவது திறந்தால் தண்ணீருக்கு நேர்வழி. இரண்டாவதில் முழுக்கத் திறந்தாலும் தண்ணீர் வளைந்து ஏறி இறங்கித்தான் போக வேண்டும். பம்பு உள்ள வீட்டில் இவையெல்லாம் தெரியவே தெரியாது. பழைய பாய்லருக்குப் பதிலாக வைத்த புது பாய்லரும் இந்தக் கணக்கில் சேரும்: அந்தக் கால வார்ப்பிரும்புப் பாய்லரின் உள்வழி விசாலமானது, இன்றைய பாய்லர் பலவற்றில் தண்ணீர் குறுகிய சந்துகளில் புகுந்து வருகிறது, பம்பு தள்ளும் என்ற நம்பிக்கையில்.

நிலவறையில் பழைய இரும்புக் குடுவை ஒன்று குழாயோடு இணைந்திருந்தால் அதைக் கண்டபடி கழற்றக் கூடாது. இண்டியானாவின் வபாஷ் ஊர்க்காரர் மார்க் ஹனிவெல் 1906-இல் தொடங்கிய நிறுவனம் முதலில் பேர் வாங்கியது இந்த ஏற்பாடுகளுக்கான அப்படிப்பட்ட ஒரு கருவியால்தான். பாதரசத்தின் எடையால் குழாய்த் தொகுப்பை மூடிவைத்து, தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் பார்த்துக்கொண்டது அது. சூடு கூடினால் எடை வித்தியாசம் கூடும், ஓட்டம் கூடும், குழாயைச் சற்று ஒடுக்கமாகப் போடலாம். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் உள்ளே இன்றும் பாதரசம் இருக்கக்கூடும்.

சில வீடுகளில் கோளாறு தலைகீழாக இருக்கும்: சுற்ற வேண்டாத நேரத்தில் சுற்றும். பம்பு வைத்த வீட்டிலேயே, பம்பை நிறுத்திய கோடைகாலத்தில், குளியல் வெந்நீருக்காகச் சூடான பாய்லரிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் மாடி ரேடியேட்டருக்கு ஏறி அதைச் சூடாக்கிவிடும். நம் மொட்டைமாடிச் சூரிய வெந்நீர்க் கருவிக்கும் இதே குணம் உண்டு. அங்கே தொட்டி, வெயிலை வாங்கும் தகட்டுக்கு மேலே இருப்பது தற்செயல் அல்ல. தொட்டியைத் தாழ்வாக வைத்துவிட்டால், இரவில் தகடு குளிர்ந்ததும் சுழற்சி திசைமாறி, பகலெல்லாம் சேர்த்த சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். காலையில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் வரும். ஆழ்துளைக் கிணற்று உப்பு படிந்து குழாய் குறுகுவதும் அங்கே முக்கியக் கோளாறு. அதன் காரணத்தை மேலே பார்த்தாயிற்று.

இப்போது, எல்லாரும் முதலில் சொல்லும் யோசனைக்கு வருவோம்: 'ஒரு பம்பு போட்டுவிடலாமே.' போடலாம். ஜெர்மனியில் டோர்ட்மண்டைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஓப்லாண்டர் 1928-இல் இதற்கென்றே குழாயோடு சேரும் பம்பைச் செய்தார். அதன்பிறகுதான் குழாய்கள் மெலிந்தன. ஆனால் பழைய வீட்டில் பம்பு போட்டதும் விசித்திரம் ஒன்று நடக்கும். அதுவரை கொதித்துக்கொண்டிருந்த மாடி குளிர்ந்துபோய், தரைத்தளம் வேகத் தொடங்கும்.

காரணம் அந்தக் காலத்துக் கைவேலையிலேயே இருக்கிறது. மாடிக்கு 57 மில்லிமீட்டர், தரைத்தளத்துக்கு 23 என்று பார்த்தோம். விட்டால் எல்லா வெந்நீரும் மாடிக்கே ஓடிவிடும். எனவே பிட்டர்கள் தரைத்தளத்துக்குப் பெரிய குழாய், மாடிக்குச் சிறிய குழாய் என்று போட்டார்கள். முதன்மைக் குழாயின் உச்சியில், தண்ணீர் அதிகச் சூடாக இருக்கும் இடத்தில், தரைத்தளக் கிளையை எடுத்தார்கள். மாடிக்கான கிளையைப் பக்கவாட்டில் எடுத்தார்கள். அதுவும் போதாத இடத்தில் மாடி ரேடியேட்டரின் வாய் இணைப்பில், நடுவில் சின்னத் துளையிட்ட ஒரு மெல்லிய தகட்டைச் செருகினார்கள். எடை வித்தியாசம் மட்டுமே விசை என்ற உலகத்தில் இது துல்லியமான நீதி. பம்பு வந்ததும் உயரத்தால் வந்த சலுகை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. தண்ணீர் தடை குறைவான வழியைத் தேடுகிறது. தடை குறைவான வழி, பெரிய குழாயுள்ள தரைத்தளம். மாடியில் வெளியே தெரியாத தகடு நெரித்துக்கொண்டிருக்கிறது. வந்த மெக்கானிக் இன்னும் பெரிய பம்பு வேண்டும் என்பார். வேண்டியது அதுவல்ல. மாடி ரேடியேட்டரின் வாய் இணைப்பைக் கழற்றி அந்தத் தகட்டை எடுத்துவிட்டு, தரைத்தள வால்வுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு வால்வை மாற்றினால் பலன் தெரிய அரை நாள் ஆகும், அத்தனை தண்ணீர் உள்ளே இருக்கிறது. அவசரக்காரருக்கு ஆகாத வேலை.

பம்பைத் தேர்ந்தெடுக்கும்போதும் சிறியதே மேல். இரண்டு அங்குலக் குழாய்கள் கேட்பது மில்லிமீட்டர்க் கணக்கில். அதற்கு 6 மீட்டர் தள்ளும் பம்பைப் போட்டால் சத்தமும் மின்கட்டணமும்தான் மிஞ்சும். மேலும், இத்தனை தண்ணீரையும் வேகமாகச் சுற்றவிட்டால் பாய்லருக்குத் திரும்புவது வெகுநேரம் குளிர்ந்த நீராகவே இருக்கும். எரிவாயு பாய்லரில் திரும்பும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால் புகையிலுள்ள நீராவி பாய்லரின் உட்சுவரில் வியர்த்து, வார்ப்பிரும்பைத் தின்னத் தொடங்கும். அந்த ஈரத்தைத் தாங்கும்படி செய்த பாய்லர்கள் உண்டு. பழையது அந்த வகையல்ல.

ரஷ்ய, உக்ரைனிய வீடுகளில் பம்பைப் போடும் விதம் எனக்குப் பிடித்தது. முதன்மைக் குழாயை வெட்டி நடுவில் பம்பைச் செருகமாட்டார்கள். பக்கத்தில் ஒரு சிறிய சுற்றுக்குழாய் எடுத்து அதில் பம்பை வைப்பார்கள். முதன்மைக் குழாயில் பந்து வால்வு ஒன்று இருக்கும். பம்பு ஓடும்போது அதன் அழுத்தம் பந்தைத் தள்ளி முதன்மை வழியை மூடிவிடும். இல்லாவிட்டால் தண்ணீர் பம்பைச் சுற்றியே வட்டமடிக்கும். மின்சாரம் போனால் பந்து விலகும். பருத்த பழைய குழாய் மறுபடி வேலைக்கு வரும். வண்டல் படிந்தால் பந்து இருக்கையிலேயே ஒட்டிக்கொள்ளும், அதுவும் சரியாக மின்சாரம் போன அன்று. எனவே குளிர் கடுமையாவதற்கு முன்பே, ஒரு மாலை பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டு, பாய்லரைக் கண்காணித்தபடி, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிவரும் குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு இருந்தால் சுவிட்சைப் போடலாம். ஆறிக்கொண்டே போனால், வால்வைக் கழற்றி அந்தப் பந்தைத் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும்.